இரண்டு ஹரிகேன், ஒரே மேசை: விமான மாடல்களை ஜோடியாகக் கட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேசை விரிப்போம். அருவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டு பேர், வெலிங்டனிலிருந்து ஒரு ராணுவக் குடும்பத்துப் பெண், கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து வரும் கல்லூரிப் பையன்கள் என்று ஏழெட்டுப் பேர் சேர்வார்கள். பிளாஸ்டிக் விமான கிட்டுகளை ஜோடி ஜோடியாகக் கட்டி ஒப்பிடுவதுதான் எங்கள் வேலை. எட்டு வருஷத்தில் ஆறு ஜோடி முடித்திருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

ரெண்டு கிட்டை ஒரே நேரத்துல கட்டறதுன்னா என்னங்கண்ணா? ஒண்ணு முடிச்சிட்டு இன்னொண்ணு கட்டினா ஆகாதா?

கட்டலாம். ஆனால் அதை ஒப்பீடு என்று சொல்ல முடியாது. போன வருஷம் கட்டிய கிட்டையும் இந்த வருஷம் கட்டிய கிட்டையும் பக்கத்தில் வைத்தால் அங்கே தெரிவது கிட்டின் வித்தியாசம் மட்டுமல்ல. நடுவில் உங்கள் கை பழகியிருக்கும், பசை மாறியிருக்கும், கண்ணாடியின் பவர்கூட மாறியிருக்கும். எது கிட்டின் குணம், எது உங்கள் கையின் குணம் என்று பிரிக்க முடியாது.

ஒரே விமானம், ஒரே அளவு, இரண்டு வேறு அச்சு (பாகங்களை வார்க்கும் எஃகு வார்ப்பு). இரண்டையும் மேசையில் வைத்து ஒரு கட்டத்தை இரண்டிலும் முடித்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். இன்று காக்பிட் (விமானி உட்காரும் அறை) என்றால் இரண்டுக்கும் காக்பிட். அதே உப்புத்தாள், அதே பசை, அதே வெளிச்சம். அப்போது மிச்சமிருக்கும் வித்தியாசம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

1/72ன்னு பெட்டியில போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

உண்மையான விமானத்தில் 72 மில்லிமீட்டர், மாடலில் 1 மில்லிமீட்டர். அடிக்கணக்கு தெரிந்தவர்களுக்கு இன்னும் எளிது: ஆறடி ஓர் அங்குலம் ஆகிறது. 1/48 என்றால் நாலடி ஓர் அங்குலம். ஹரிகேன் என்ற இரண்டாம் உலகப் போர்ச் சண்டை விமானத்தின் இறக்கை நீளம் முனைக்கு முனை 40 அடி. 1/48இல் சரியாகப் பத்து அங்குலம் வரும். 1/72இல் 169 மில்லிமீட்டரும் கொஞ்சமும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல இடங்களில் உதவும். ஒரு கிட்டின் உடம்பில் செதுக்கியிருக்கும் தகட்டுக் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்றால், உண்மையான விமானத்தில் அது 14 மில்லிமீட்டர் இடைவெளி. உங்கள் சுண்டுவிரலே உள்ளே போய்விடும். எந்த விமானத்திலும் தகடுகளுக்கு நடுவே அப்படி ஒரு பள்ளம் இருக்காது. காக்பிட் கண்ணாடி 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் அது 72 மில்லிமீட்டர் கண்ணாடி. எல்லாக் கிட்டும் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதைத்தான் நாம் பார்க்கிறோம்.

முதல் ஜோடிக்கு எந்த விமானத்தை எடுத்துக்கலாம்?

நான் ஹாக்கர் ஹரிகேனைச் சொல்வேன். 1935 நவம்பர் 6இல் முதலில் பறந்தது, 14,000க்கும் மேல் செய்தார்கள். அதனால் பழைய அச்சும் உண்டு, புதிய அச்சும் உண்டு, எல்லா விலையிலும் கிடைக்கும். நம் ஊர்க் கதையும் அதற்கு உண்டு. 1944இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் 1ஆம் ஸ்குவாட்ரன் பறந்தது ஹரிகேனின் மார்க் 2சி என்ற வகையில்தான். டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் ஒரு ஹரிகேன் இருக்கிறது, போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். ஹரிகேனின் முன்பாதி உலோகத் தகடு, பின்பாதி மரச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. ஒரே உடம்பில் இரண்டு பரப்பு. அச்சு செய்தவரின் கைத்திறன் அந்தத் துணிப் பகுதியில் வெளியே வந்துவிடும். வார்னிஷ் பூசி முறுக்கேற்றிய துணி சட்டங்களுக்கு நடுவே தொங்காது. சாய்ந்த வெயிலில் மட்டும் மெல்லிய வரிகளாகத் தெரியும். சில கிட்டுகளில் பட்டினி கிடந்த மாட்டின் விலா எலும்பு போலத் துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு பாதி உடம்பையும் ஒரு கையில் பிடித்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள், வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஹரிகேன்னா எந்த ஹரிகேன் வேணா எடுத்துக்கலாமா?

கூடாது. மார்க் 1இல் எட்டு இயந்திரத் துப்பாக்கி. 2சியில் இறக்கைக்கு இரண்டாக நான்கு 20 மி.மீ. பீரங்கி, மூக்கும் சற்று நீளம். மார்க் 1இலேயே முதலில் வந்தவற்றுக்கு இறக்கையும் துணிதான், பிறகுதான் உலோகம் போட்டார்கள். ஒன்று மார்க் 1, இன்னொன்று 2சி என்று வாங்கினால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு விமானங்களை. பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

விலை ஜாஸ்தியான பெட்டிதானே நல்லா இருக்கும்?

அப்படிச் சொல்ல முடியாது. இங்கே கொடுக்கும் விலையில் பிளாஸ்டிக்கின் தரம் ஒரு பங்குதான். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தினார்கள். மாடல் கிட்டும் அதே தலைப்பில்தான் வருகிறது. அதற்கு மேல் கப்பல் செலவு, கடைக்காரர் லாபம், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் கூரியர். ஐந்து வருஷமாகக் கடை அலமாரியில் இருந்த நல்ல கிட் மலிவாகக் கிடைக்கும். நேற்று கப்பலில் வந்த சுமார் கிட் கையைக் கடிக்கும்.

ரெண்டு கம்பெனி பெட்டி வாங்கினேன். உள்ள பார்த்தா ஒரே பிளாஸ்டிக்! ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்று இல்லை, இந்தத் தொழிலின் வழக்கம். கிட் செய்யும் எஃகு அச்சு மிகவும் விலை உயர்ந்தது. அதனால் கம்பெனிகள் அச்சை விற்கும், வாடகைக்குக் கொடுக்கும், அச்சடித்த பிளாஸ்டிக்கையே இன்னொருவருக்கு அனுப்பும். தமியாவின் 1/72 வரிசையில் இத்தாலேரி அச்சில் வந்த கிட்டுகள் பல. ரெவெல் பெட்டியில் ஹசெகாவா பிளாஸ்டிக் வந்ததுண்டு. வாங்குகிறவருக்கு டெக்காலும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படங்கள்) பெட்டிப் படமும் மட்டும் மாறும்.

வாங்குவதற்கு முன் பாகங்களின் படத்தைத் தேடிப் பாருங்கள். பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் அவை அடுக்கியிருக்கும் ஒழுங்கு கைரேகை மாதிரி, இரண்டு அச்சுக்கு ஒன்றாக வராது. பெட்டி கைக்கு வந்த பிறகு என்றால் இறக்கையின் உள்பக்கத்தைப் பாருங்கள், பெயரோ வருஷமோ பொறித்திருக்கும். பெட்டியில் 'புதியது' என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் வருஷத்தையே நம்புங்கள்.

ஒட்டறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

முதலில் கழுவுங்கள். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழன்று வர எண்ணெய்ப்பசை தடவியிருப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு அலசினால் போகும். பிறகு பிசிறு. அச்சு தேயத் தேய இரண்டு பாதிக்கும் நடுவே பிளாஸ்டிக் கசிந்து, பாகத்தின் ஓரத்தில் மெல்லிய தோல் மாதிரி நிற்கும். பழைய கிட்டில் இது அதிகம்.

அடுத்தது ஒட்டாமல் பொருத்திப் பார்ப்பது. உடம்பின் இரண்டு பாதியையும் மாஸ்கிங் டேப்பால் கட்டி, இறக்கையைக் கீழே வைத்து, சேருமிடத்தில் ஒரு விசிட்டிங் கார்டைச் சொருகுங்கள். எங்கள் முதல் ஜோடியில் பழைய பெட்டியின் இறக்கை வேரில் கார்டு முழுசாக உள்ளே போயிற்று. புதிய பெட்டியில் நகத்தை வைத்துத் தேய்த்தாலும் இணைப்பு தட்டுப்படவில்லை. கார்டு 0.3 மில்லிமீட்டர், 72ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இதை எழுதி வையுங்கள், பிறகு புட்டி போட்டு மூடிவிட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஃபெவிக்விக் போதாதா? எதுக்கு தனியா பசை?

உடம்புக்கு மாடல் சிமென்ட்தான் வேண்டும். அது ஒட்டுவதில்லை, உருக்குகிறது. இரண்டு பக்கத்துப் பாலிஸ்டைரீனையும் (கிட்டின் பிளாஸ்டிக்) கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிப் போகும். உலர்ந்த பின் அங்கே இணைப்பே கிடையாது, ஒரே பிளாஸ்டிக். சூப்பர் க்ளூ உலோகத்துக்கும் ரெசினுக்கும் நல்லது, ஆனால் அது காற்றின் ஈரத்தில் இறுகுவது. நம் மூடுபனியில் கண் இமைப்பதற்குள் பிடித்துவிடும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் கொடுக்காது.

காக்பிட் கண்ணாடிக்கு மட்டும் சூப்பர் க்ளூவைத் தொடவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளை ஃபெவிகால் போதும். தண்ணீர் தொட்ட குச்சியால் வழிந்ததைத் துடைக்கலாம், உலர்ந்தால் தெளிவாகிவிடும்.

சிமென்ட், தின்னர் எதுவானாலும் குளிர் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்யாதீர்கள். அறையில் குமுட்டி அடுப்போ ஹீட்டரோ இருந்தால் முதலில் அதை வெளியேற்றுங்கள், பிறகு பாட்டிலைத் திறங்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக் கட்டுவதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

நேரத்தை நோட்டுல எழுதச் சொல்றீங்களே, அது எதுக்கு சார்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

முதல் ஜோடி ஹரிகேனைக் கட்டும்போது வேலை தொடங்கும் நேரத்தையும் நிறுத்தும் நேரத்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டில், கிட் வாரியாக, கட்டம் வாரியாக எழுதினேன். முடிந்ததும் கூட்டிப் பார்த்தோம். பழைய பெட்டி 31 மணி நேரம். புதிய பெட்டி 29 மணி நேரம். பெட்டியைத் திறந்த அன்று, புதியது பாதி நேரத்தில் முடிந்துவிடும் என்று மேசையில் இருந்த எல்லோரும் சொல்லியிருந்தோம்.

எங்கே போயிற்று அந்த நேரம்? காக்பிட்டுக்குப் பழையதில் ஒரு மணி நேரம். ஒரு தரை, ஒரு நாற்காலி, முடிந்தது. புதியதில் எட்டு மணி நேரம். ஹரிகேனின் உள்ளே இருக்கும் குழாய்ச் சட்டத்தைத் தனித்தனிப் பாகமாகக் கொடுத்திருந்தார்கள், ஒவ்வொன்றும் முடி கனம், ஒவ்வொன்றையும் இடுக்கியில் பிடித்து வைக்க வேண்டும். புட்டி போட்டுத் தேய்க்கும் வேலை நேர்மாறு: பழையதில் ஒன்பது மணி நேரம், புதியதில் ஒரு மணி நேரம். பெயிண்டுக்கு இரண்டிலும் ஒன்பது.

ஆக, நல்ல கிட் வேலையைக் குறைப்பதில்லை, வேலையை வேறு இடத்துக்கு மாற்றுகிறது. ஒன்றில் தவறைத் திருத்த உழைக்கிறீர்கள், இன்னொன்றில் நுணுக்கத்தைச் சேர்க்க உழைக்கிறீர்கள். உங்களுக்கு எந்த உழைப்பு பிடிக்கும் என்பது உங்கள் நோட்டில்தான் தெரியும். அருவங்காட்டு நண்பர் ஒருவருக்கு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வழவழப்பாகும் வரை தேய்ப்பதில் அவ்வளவு நிம்மதி. அவர் இன்றும் பழைய அச்சாகத் தேடித்தான் வாங்குகிறார். அவருக்கு அதுதான் நல்ல கிட்.

எதை முதல்ல எடுக்கணும், பழசையா புதுசையா?

மாற்றி மாற்றி. இதை நாங்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். முதல் இரண்டு ஜோடியிலும் ஒவ்வொரு கட்டத்திலும் பழைய பெட்டியை முதலில் முடித்துவிட்டுப் புதியதற்குப் போனோம். புதியது எப்போதும் சுத்தமாக வந்தது. மூன்றாவது ஜோடியில் வரிசையைத் திருப்பிய உடனே பழையதும் சுத்தமாக வர ஆரம்பித்தது. முதல் விமானத்தில் கை கற்றுக்கொள்கிறது, இரண்டாவது விமானம் அதன் பலனை அனுபவிக்கிறது. இன்று காக்பிட்டைப் பழையதில் தொடங்கினால், அடுத்த கட்டத்தைப் புதியதில் தொடங்குங்கள். நோட்டில் யார் முதல் என்பதையும் குறித்து வையுங்கள்.

ரெண்டு பெட்டி பாகமும் கலந்துட்டா?

இரண்டு எவர்சில்வர் தட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றின் விளிம்பில் சிவப்பு டேப். பாகத்தைச் சட்டத்திலிருந்து வெட்டிய அடுத்த நொடி அந்தத் தட்டுக்குப் போக வேண்டும். சக்கரமும் புரொப்பெல்லர் இலையும்தான் அதிகம் மாறிப்போகும்.

ஒட்டி முடிச்சா ஒரு பக்க இறக்கை தூக்கிட்டு நிக்குது. என்ன பண்றது?

ஹரிகேனின் இறக்கை நடுவில் தட்டையாக வந்து, சக்கரங்களைத் தாண்டிய பிறகுதான் மேல் நோக்கி எழும். முழு இறக்கையும் உடம்பிலிருந்தே எழுவதாக நினைத்து ஒட்டுகிறவர்கள் உண்டு. சிமென்ட் இறுகும் முன் மாடலைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்து, இரண்டு முனையும் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று ஸ்கேலால் அளந்து சமன் செய்யுங்கள். சரியான உயரத்துக்கு அட்டையை வெட்டி முட்டுக்கொடுத்து ராத்திரி முழுக்க விடுங்கள். குளிரில் சிமென்ட் இறுக நேரமாகும், கீழே கோயம்புத்தூரில் இருப்பவர் சொல்லும் நேரத்தை இங்கே நம்ப வேண்டாம்.

பாகமே பெட்டியில் முறுக்கி வந்திருந்தால் வெந்நீர் வைத்தியம். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குன்னூரில் 94. இறக்கி வைத்த வெந்நீரில் சில நொடி முக்கி, மெதுவாக வளைத்து, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். ஒரே தடவையில் நிமிர்த்தப் பார்க்காமல் மூன்று நான்கு தடவையில் கொண்டுவாருங்கள்.

புது பெயிண்ட் பாட்டிலைத் திறந்தா மூஞ்சியில தெறிக்குது. கெட்டுப் போச்சா?

கெடவில்லை. மலையேறி வரும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே காரணம்தான். சமவெளியில் மூடிய பாட்டிலுக்குள் சமவெளிக் காற்று அடைபட்டிருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியின் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மூடி தளர்ந்ததும் உள்ளே இருக்கும் காற்று பெயிண்டையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

பாட்டிலைக் குலுக்காமல் நேராக நிற்க வைத்து, துணியால் மூடியைச் சுற்றிப் பிடித்து, கால் திருகு மட்டும் திருகுங்கள். 'உஸ்' என்ற சத்தம் அடங்கிய பிறகு முழுசாகத் திறங்கள். மூடிவிட்டுப் பிறகு குலுக்கலாம். சிமென்ட் பாட்டிலுக்கும் இதே முறை, அங்கே இன்னும் கவனம் வேண்டும்: தெறித்த ஒரு சொட்டு முடித்து வைத்த இறக்கையின் தோலைக் கரைத்துவிடும்.

பெயிண்ட் காயவே மாட்டேங்குது. காஞ்சாலும் வெள்ளையா பூத்துடுது.

இரண்டும் வேறு வேறு நோய். எனாமல் குளிரில் காய நாள் பிடிக்கும். அதற்குப் பொறுமைதான் மருந்து. வெள்ளைப் பூப்பு லாக்கர் வகைக்கு வருவது. அதன் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் பனியாகப் படிகிறது. மெதுவாக ஆவியாகும் தின்னரை வெயில் நாளில் மேலே லேசாகப் பீய்ச்சினால் பூப்பு பெரும்பாலும் மறையும்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர் மழையிலும், ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் நாங்கள் பீய்ச்சும் வேலையே வைத்துக்கொள்வதில்லை. அந்த மாதங்கள் காக்பிட்டுக்கும் தேய்ப்பதற்கும். ஜனவரி முதல் மார்ச் வரை, காலை பதினொன்று முதல் மூன்று மணி வரை பெயிண்ட். பிறகு மாடல் பீரோவுக்குள் போகும். மலைவீடுகளில் துணி பூசணம் பிடிக்காமல் இருக்க பீரோவுக்குள் சின்ன பல்பு எரிய விடுவோமே, அந்தப் பீரோதான். தின்னர் வாடை முழுக்கப் போன பிறகு மட்டும் வையுங்கள், பல்புக்கு நேராக வைக்காதீர்கள்.

ஒரே பெயிண்ட் அடிச்சும் ரெண்டும் வேற வேற நிறமா தெரியுதே?

அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கின் நிறம் மேலே எட்டிப் பார்க்கிறது. எங்கள் ஜோடியில் ஒன்று சாம்பல், இன்னொன்று வெளிர் நீலம். இரண்டுக்கும் ஒரே பிரைமர் (அடிப்பூச்சு), ஒரே நாளில், ஒரே கலவையிலிருந்து பெயிண்ட். தனித்தனியாகக் கலந்தால் இரண்டும் ஒத்துவராது.

டெக்கால்ல வட்டத்துக்கு நடுவுல சிவப்பே இல்ல. அச்சுப் பிழையா?

பிழையில்லை. பர்மா முனையில் எதிரே பறந்த ஜப்பானிய விமானங்களின் அடையாளம் சிவப்பு வட்டம். தூரத்திலிருந்து பார்ப்பவர் சிவப்பைக் கண்டதும் சுட்டுவிடக் கூடாது என்று அந்தப் பகுதியில் பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் அடையாள வட்டத்திலிருந்து சிவப்பை எடுத்துவிட்டார்கள். கரு நீலத்துக்குள் வெளிர் நீலம் மட்டும். இம்பால் ஹரிகேன் கட்டுகிறவர் தேட வேண்டியது இதைத்தான். பெட்டியில் அது இல்லாமல் பிரிட்டன் வானத்து அடையாளம் மட்டும் இருந்தால் தனி டெக்கால் தாள் வாங்குங்கள், அல்லது இரண்டையும் பிரிட்டன் விமானமாகவே கட்டுங்கள். ஒன்றை இப்படி, ஒன்றை அப்படிக் கட்டினால் பார்க்கிறவர் கண் நிறத்தைத்தான் ஒப்பிடும், வடிவத்தை ஒப்பிடாது.

பழைய பெட்டி டெக்கால் மஞ்சளாயிடுச்சு. தூக்கிப் போட்டுடலாமா?

அவசரப்படாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் படம் வெளிப்பக்கம் தெரியும்படி ஒட்டுங்கள். மலை வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சள் வெளுத்துவிடும். பிறகு வேண்டாத ஒரு சின்ன எண் படத்தை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நழுவி வந்தால் நல்லது. தூள் தூளாக உடைந்தால், மிச்சத்தின் மேல் தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து, ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்டிப் பயன்படுத்துங்கள்.

சிவப்பு கலர் நேட் பெட்டி வாங்கிட்டேன். அதை நம்ம விமானப்படை நேட்டா மாத்திடலாம்ல?

நேட் ஒரு சின்ன ஜெட் விமானம். சிவப்பு நிறத்தில் ரெட் ஆரோஸ் (பிரிட்டிஷ் விமானப்படையின் சாகசக் குழு) படம் போட்ட பெட்டிக்குள் இருப்பது அதன் டி.1 வகை, இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். நம்மிடம் இருந்தது ஒருவர் உட்காரும் சண்டை விமானம், பெங்களூரு எச்.ஏ.எல்.லில் செய்தார்கள். உடம்பு வேறு, இறக்கையும் வேறு. பெயிண்ட் மாற்றினால் போதாது.

ஒற்றை இருக்கை நேட்டைத் தேடி வாங்குங்கள், தேடத் தகும் விமானம் அது. 1971 டிசம்பர் 14இல் ஸ்ரீநகரில் நிர்மல் ஜித் சிங் செகோன் கடைசியாகப் பறந்தது அந்த நேட்டில்தான். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய 18ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் தேஜஸுடன் மறுபடி தொடங்கியது கீழே சூலூரில்.

வரைபடத்து மேல வெச்சுப் பார்த்தா ரெண்டு கிட்டும் ஒத்துவரல. எதை நம்பறது?

முதலில் வரைபடத்தையே அளந்து பாருங்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது தாள் ஒரு பக்கம் நீளும். இறக்கை முனைக்கு முனை 169.3 மில்லிமீட்டர் வரவில்லை என்றால் அந்தத் தாளால் எதையும் தீர்ப்புச் சொல்ல முடியாது. தாள் சரி என்றால், கிட்டின் இறக்கையை அளவுகோலால் அளங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை விட்டுவிடுங்கள். உப்புத்தாளில் நீங்களே அவ்வளவு தேய்த்திருப்பீர்கள்.

அளவு எண்களைவிட முகத்தை நம்புகிறவன் நான். ஹரிகேனுக்கு முதுகில் ஒரு கூன் உண்டு: காக்பிட் உயரமாக நிற்க, மூக்கு கீழ்நோக்கி இறங்கும். பக்கவாட்டில் எடுத்த நல்ல புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டு மாடலையும் ஒற்றைக்கண்ணால் அதே கோணத்தில் பாருங்கள். எங்கள் ஜோடியில் புதிய பெட்டியின் அளவுகள் எல்லாம் சரி. ஆனால் அந்தக் கூனைப் பழைய பெட்டிதான் அழகாகப் பிடித்திருந்தது. புட்டியும் இடைவெளியுமாகக் கிடந்த அந்தக் கிட்டை மேசையில் இருந்தவர்கள் அன்றுதான் மரியாதையோடு கையில் எடுத்தார்கள்.

சுத்தி வளைக்காம ஒரு பேர் சொல்லுங்கண்ணா. எது நல்ல கிட்?

முதல் தடவை கட்டுகிறவருக்கு: பாகம் குறைவான, பொருத்தம் சுத்தமான புதிய அச்சு, 1/72. குழாய்ச் சட்டம் தனித்தனியாக வரும் கிட்டை இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஒரே கம்பெனியின் 1970களின் அச்சும் இன்றைய அச்சும் ஒரே பெயரில் ஒரே அலமாரியில் இருக்கின்றன. மேலே சொன்னபடி அச்சின் வருஷத்தைப் பாருங்கள்.

முடிச்ச ஜோடியை என்ன பண்றீங்க?

மூடிய கண்ணாடிப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. நீலப் பொட்டலம் இளஞ்சிவப்பானதும் சூடுபடுத்திக் காயவைத்து மறுபடி போடுவோம். ஜோடியைப் பிரிப்பதில்லை. அடியில் நோட்டின் அந்தப் பக்கங்களின் நகலும் இருக்கும். முதல் ஜோடி ஹரிகேன்கள் மாடிப்படி ஏறியதும் இடதுபக்க அலமாரியில் இருக்கின்றன. சனிக்கிழமை வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்க்கலாம், வால் பக்கம் பிடிக்காமல் இறக்கை வேரில் பிடியுங்கள்.